இரண்டு கருப்பு

சலூன்காரருக்கு அந்த வெளிநாட்டு ஊரில் முதன்முதலில் பிடித்துப்போனது ஒரு தலை.

விடுதியில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, பயணக் குழுவோடு ஊர் நடுவிலிருந்த சதுக்கத்துக்கு வந்து நின்ற காலை அது. மற்ற பதினெட்டுப் பேரும் எதிரே நின்ற மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் காபிக்கடை நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சிட்டு ரொட்டித்தூள் பொறுக்கிக்கொண்டிருந்தது.

“இங்க வா, சீக்கிரம் வா” என்று மனைவியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “இதோட மண்டையப் பாரு.”

“பாத்தேன். நம்ம ஊர்ச் சிட்டுதானே?”

“நல்லாப் பாரு. நம்ம ஊர்ச் சிட்டுக்கு நடு உச்சி சாம்பலா இருக்கும். இவனுக்கு நெத்தியிலேர்ந்து பிடரி வரைக்கும் முழுசாச் செம்பட்டை. நேத்துதான் டை அடிச்சவன் மாதிரி. கன்னத்துல ஒரு மச்சம் வேற, கருப்பா. இது மரச்சிட்டு! ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே கட்டிங்தானாம், புத்தகத்துல போட்டிருக்கான்.”

முப்பது வருஷமாக ஊரார் மண்டையைப் பார்த்தே பிழைக்கிறவருக்குக் குருவியின் மண்டை பிடிபடாதா என்ன? பறவைகளை அவர் உச்சி, கிருதா, பிடரி என்றுதான் பிரிப்பார். கொண்டை இருந்தால் ஒரே சந்தோஷம். சட்டைப்பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்து, நின்ற இடத்திலேயே எழுதினார். நூற்று நாற்பத்து நான்காவது பறவை. ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவால் இரண்டு சின்னக் கோடு போட்டார். அவர் மனைவி அந்த இரண்டு கோட்டையும் பார்த்தாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் மனைவி தையல்காரி, ஊரில் எல்லோருக்கும் தையல்காரம்மா. இருவருக்கும் சேர்த்து ஒரே கடைதான். நடுவில் ப்ளைவுட் தடுப்பு. முன்பக்கம் இவருடைய இரண்டு நாற்காலியும் சுவர் நீளக் கண்ணாடியும், பின்பக்கம் அவளுடைய தையல் மெஷின். பேச வசதியாகத் தடுப்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருந்தார்கள். இவர் தெருவைக் கண்ணாடிக்குள்ளேயே பார்ப்பார். அவளுக்குக் கொல்லைக் கதவு, அதற்கு வெளியே ஒரு மரம், ஒரு தண்ணீர்த்தொட்டி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் பழைய பைனாகுலர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து, கணவனுக்கும் மனைவிக்கும் இந்தப் பறவைக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. நோட்டுக்கு ஒரு விதி உண்டு. இரண்டு பேரும் பார்த்தால்தான் பறவை நோட்டில் ஏறும். ஒருத்தர் கண் ஏமாறலாம், இரண்டு பேர் கண் ஏமாறாது என்பது அவர் கட்சி. இவ்வளவு நேர்மையான நோட்டு பெரிய பெரிய சங்கத்தில்கூட இருக்காது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

தேதி, இடம், பறவை, எத்தனை, முதலில் பார்த்தவர் என்று ஐந்து கட்டம். ஐந்தாவது கட்டத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘நான்’ என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே பக்கம் முடியும்வரை ‘மேற்படி’ என்பதற்கான இரட்டைக் கோடுகள் வரிசையாக இறங்கும்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக மகளும் மருமகனும் பிடிவாதமாகச் சீட்டு எடுத்துக் கொடுத்த பயணம் இது. ஆறு நாள், ஒரே ஊர். விமானத்தில் பொழுது போகாமல் அவள் நோட்டைப் புரட்டினாள்.

“எல்லாத்தையும் நீங்களே முதல்ல பாத்திருக்கீங்க” என்றாள்.

“கண்ணு அப்படி.”

“இந்தப் பயணத்துல எனக்குன்னு ஒரு வரி வேணும்ங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.”

“பாரு, எழுதறேன். யாரு வேணாங்கறா?” என்றார். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஜன்னலோர இடம் கிடைத்த குஷியில் இருந்தார்.

மரச்சிட்டு நோட்டில் ஏறி முடிப்பதற்குள் வழிகாட்டிப் பெண் விசில் ஊதினாள். ஒரு கையில் ஆரஞ்சுக் கொடி, கழுத்தில் விசில், முகத்தில் எப்போதும் பத்து நிமிஷம் தாமதமாகிவிட்ட கவலை. “கோபுரத்துக்கு வர்றவங்க வாங்க. இருநூத்திப் பன்னெண்டு படி. லிஃப்ட் கிடையாது, முதல்லயே சொல்லிட்டேன்.”

சலூன்காரர் தன் கால்களைக் காட்டினார். முப்பது வருஷம் நின்றே வேலை செய்த கால்கள், நரம்பு முடிச்சு முடிச்சாக இருக்கும். “நீ போய்ட்டு வா. நான் இவனுங்களைப் பாத்துட்டு இருக்கேன்” என்று நாற்காலிக்கு அடியில் இன்னொரு மரச்சிட்டைத் தேடப் போய்விட்டார். இரண்டு காபி, எட்டு மரச்சிட்டு, பதினோரு சாதாரணச் சிட்டு. அரைமணி நேரம் அவருக்குச் சொர்க்கம்.

மற்றவர்கள் கோபுரத்திலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து இருபது நிமிஷம் கழித்துத்தான் தையல்காரம்மா வந்தாள். வழிகாட்டிப் பெண் இரண்டு முறை விசில் ஊதியிருந்தாள். தையல்காரம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“என்னங்க, இங்க ரெண்டு உழவாரன் இருக்கு.”

உழவாரன் என்பது காலைக் கீழே வைக்காமல் வானத்திலேயே குடித்தனம் நடத்துகிற பறவை. வளைந்த நீள இறக்கை, குட்டை வால், தலைதெறிக்கிற வேகம். இவர்கள் ஊரில் பாலத்துக்கு அடியில் கூட்டமாக உண்டு, இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு. இங்கே வெள்ளைப் பட்டை இல்லை. சலூன்காரர் அண்ணாந்து பார்த்தார். கோபுரத்தைச் சுற்றி ஒரு பட்டாளமே கிறீச்சிட்டுக்கொண்டு சுழன்றது.

“ரெண்டா? நாப்பது இருக்கும் போலிருக்கே.”

“ரெண்டு வகைன்னு சொல்றேன்.”

அவர் பைனாகுலரை எடுத்துக் கழுத்து வலிக்கப் பார்த்தார். “எல்லாம் கருப்புதாம்மா.”

“கருப்புதான். ரெண்டு கருப்பு.”

“கருப்புல என்ன ரெண்டு?”

இதை அவர் கேட்டிருக்கக் கூடாது. மற்ற யார் கேட்டாலும் மன்னிக்கலாம், தையல்காரியோடு இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர் கேட்கலாமா? அவள் நூல்பெட்டியில் கருப்பு நூல் மட்டும் பன்னிரண்டு கண்டு இருக்கும். யாராவது கருப்புக் கால்சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தால், அதைத் தூக்கிக்கொண்டு கொல்லை வாசலுக்குப் போவாள். வெயிலில் துணியைத் தாழப் பிடித்து, அதன்மேல் ஒவ்வொரு நூலாக வைத்துப் பார்ப்பாள். பத்து நிமிஷமாகும். ‘கருப்புக்குக் கருப்பு, இதுக்கு என்ன ஜாதகப் பொருத்தமா?’ என்று இவர் தடுப்பு ஜன்னல் வழியே கேட்பார். நாற்காலியில் இருப்பவர் முகத்தில் சோப்பு நுரையோடு சிரிப்பார். பல வருஷத்துச் சிரிப்பு அது, அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பதுதான் வழக்கம்.

இந்த முறை சிரிக்கவில்லை. “ஒண்ணு புதுக் கருப்பு. இன்னொண்ணு நாலஞ்சு தடவை துவைச்ச கருப்பு. பழுப்பு ஏறினது” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நான்கு நாளும் சலூன்காரர் தன்னால் ஆனதைச் செய்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அரண்மனை வாசலில், ஆற்றுப் பாலத்தில், அருங்காட்சியகத்தின் வரிசையில், எங்கே உழவாரன் பறந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கூட வந்த மருந்துக்கடைக்காரர் இவர் கழுத்துக்குத் தடவிக்கொள்ளத் தைலம் கொடுத்தார். எல்லாப் பறவையும் வானத்தில் ஒரே கருப்பாகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் மத்தியானம் விடுதியில் பறவைப் புத்தகத்தைத் திருப்பி, உழவாரன் பக்கத்தைப் படித்தார். ஆங்கிலப் புத்தகம். அவள் அதில் படம் மட்டும் பார்ப்பாள், அந்தப் பக்கத்துப் படங்களோ ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்தன. சாதாரண உழவாரன் ஒன்று, வெளிர் உழவாரன் ஒன்று. இவை இரண்டையும் பிரிப்பது மிகவும் கடினம், பழக்கப்பட்டவர்களும் தவறு செய்வார்கள் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அதற்குக் கீழேயும் நிறைய இருந்தது. அதையும் படித்தார், ஆனால் முதல் வரியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

“இதோ, புத்தகமே சொல்லுது” என்றார். “பெரிய பெரிய ஆளுங்களுக்கே தெரியாதாம். அதனால இதை விட்டுடலாம்.”

“சரிங்க” என்றாள்.

கல்யாணமானவர்களுக்கு இந்தச் ‘சரிங்க’வைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கதவைச் சாத்தாமலேயே சாத்துகிற வார்த்தை அது. அன்றைக்கு மத்தியானக் கடைவீதியில் அவள் எதுவும் வாங்கவில்லை. பேத்திக்குச் சட்டை பார்க்கலாமா என்று கேட்டதற்கும் சரிங்கதான். துணிக்கடைக்குள் போய் ஒரு தையலைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

விமானத்தில் அவள் கேட்டது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. ஒரே ஒரு வரி. மறுநாள் காலை பஸ், அதோடு பயணம் முடிகிறது.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது அவர் நோட்டை எடுத்தார். ஜன்னலில் இன்னும் நல்ல வெயில் இருந்தது. நூற்று நாற்பத்தைந்து. வெளிர் உழவாரன். இருவரும் பார்த்தோம். முதலில் பார்த்தவர்: என் மனைவி. அழகான கையெழுத்தில், அடியில் ஒரு கோடும் போட்டு எழுதினார். எழுதிவிட்டு நோட்டைத் திறந்தபடியே கட்டிலில் வைத்தார், அவள் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று. பத்தொன்பது வருஷ நேர்மையை மனைவிக்காக விட்டுக்கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் அவருக்குத் தன்மீதே கொஞ்சம் மரியாதை வந்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதை அவர் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மறுபடி படித்தாள்.

“எங்க நின்னு பாத்தீங்க?”

“அதான்... சதுக்கத்துல. காலைல.”

“கீழேருந்தா?”

“பின்ன?”

“கீழேருந்து தெரியாதுங்க. வெளிச்சத்துக்கு எதிர்ல தூக்கிப் பிடிச்சா எல்லாத் துணியும் கருப்புதான். நான் மேலேருந்து பாத்தேன். வெயில் அதுங்க முதுகு மேல விழுந்துச்சு, கீழ ஓட்டுக்கூரை இருந்துச்சு, அதனால தெரிஞ்சுது.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்க பாக்கல.”

சலூன்காரர் முகத்தில் அசடு வழிந்தது. அவள் பேனாவை எடுத்து அந்த வரியின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தாள். அளவுகோல் இல்லாமலே நேராக வந்தது.

“எனக்காகத்தான் எழுதினீங்கன்னு தெரியுது” என்றாள். “ஆனா இது கிழிசலுக்குப் போடற மாதிரி நீங்க எனக்குப் போட்ட ஒட்டு. துணி என்னோடது இல்ல.”

“நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்தியேன்னுதான்...”

“மூஞ்சியத் தூக்கினேன், நிஜம்தான். இத்தனை வருஷமாத் தூக்கலியே, அதைச் சொல்லுங்க. நீங்க ஒண்ணைப் பாத்துட்டுக் கூப்பிட்டா மெஷினை அப்படியே நிறுத்திட்டு ஓடி வருவேன். பாதித் தையல்ல நிறுத்தினா ஒண்ணும் ஆகாது. நான் பாத்துட்டுக் கூப்பிட்டா நீங்க எப்படி வருவீங்க? கையில கத்தி, எதிர்ல ஒருத்தரோட கழுத்து. நீங்க கையக் கழுவிட்டு வர்றதுக்குள்ள அது பறந்துடும். அது உங்க தப்புன்னு நான் என்னிக்கும் சொன்னதில்ல. இப்பவும் சொல்லல.”

அவள் தலைமுடியைப் பின்னப் போய்விட்டாள். சலூன்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். நியாயமான விதி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த விதி, பத்தொன்பது வருஷமாக ஒரே ஒருத்தருடைய பறவைகளை மட்டும் வெளியே நிறுத்தி வைத்திருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

“காலைல கோபுரம் எத்தனை மணிக்குத் திறக்கறான்?” என்று கேட்டார்.

எட்டு மணிக்குத் திறந்தார்கள். பஸ் ஒன்பதரைக்கு. வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கைக்கடிகாரத்தையும் அவர் கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒம்பதரைன்னா ஒம்பதரைதான் சார்” என்றாள். அந்த ஆறு நாளில் அவள் குரல் கெஞ்சியது அப்போதுதான்.

சலூன்காரர் முன்னால் ஏற, தையல்காரம்மா பின்னால் ஏறினாள். நீங்கள் விழுந்தால் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். நான் விழுந்தால் நீயும் சேர்ந்துதான் போவாய் என்று அவர் சொன்னார். நாற்பதாவது படியில் நின்றார். அறுபதாவது படியில் உட்கார்ந்தார். நூறாவது படியில், ஊரில் போய்க் கடைக்கு உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கி இனி உட்கார்ந்தபடியே முடி வெட்டப்போவதாகச் சபதம் செய்தார். நூற்றைம்பதுக்குப் பிறகு சபதம் செய்யவும் மூச்சில்லை. அவள் ஒரு இடத்திலும் போதும், இறங்கிவிடலாம் என்று சொல்லவில்லை. அதற்காகவே அவர் மேலே போய்ச் சேர்ந்தார்.

மேலே இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். அதற்குக் கீழே ஊர் முழுக்க ஓட்டுக்கூரை. காலை வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. உழவாரன்கள் அவர்கள் காலுக்குக் கீழே பறந்தன. தன் ஆயுளில் அவர் ஓர் உழவாரனின் முதுகைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சும்மாவா சொன்னாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம்.

“அதோ, அந்தச் சாம்பல் சுவரைத் தாண்டிப் போகுதே, அது புதுக் கருப்பு. இப்ப வலது பக்கம் திரும்புது பாருங்க, அது மத்தது.”

பார்த்தார். பைனாகுலரால் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், வெறும் கண்ணால் பார்த்தார். பத்து நிமிஷம் பார்த்தார். அவள் விரல் காட்டிய பறவையையெல்லாம் விடாமல் தொடர்ந்தார். எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. ‘ஆமா, தெரியுது’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறியவனுக்கு அந்தச் சின்னப் பொய்யைச் சொல்ல உரிமை இல்லையா? நேற்று அவள் போட்ட கோடு ஞாபகம் வந்தது.

“எனக்குத் தெரியலம்மா” என்றார்.

அவள் வாடிவிடுவாள் என்று பயந்தார். அவளோ அவர் பக்கம் திரும்பி, நிம்மதியாக மூச்சு விட்டாள். “இப்பதான் நீங்க நிஜமாப் பாக்கறீங்க.”

“நீ சொல்லு. பாத்ததை அப்படியே சொல்லு. நான் எழுதறேன்.”

“ரெண்டு பேரும் பாக்கலியே.”

“சொல்லும்மா நீ.”

அவர் நோட்டைக் கைப்பிடிச் சுவரில் விரித்துக்கொண்டார். அவள் சுவரில் சாய்ந்து, பறவைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரோ கொடுத்த துணிக்கு அளவு சொல்வதுபோல் சொன்னாள். “மொத்தத்துல பழுப்பு ஏறின கருப்பு. தொண்டையில வெள்ளை, பெரிய பட்டன் அளவு. மத்ததுக்குச் சின்ன பட்டன்தான். இறக்கையோட வெளி ஓரம் நல்ல கருப்பு, உள்பக்கம் வெளுத்திருக்கு, ரெண்டு துண்டைச் சேர்த்துத் தைச்ச மாதிரி. இறக்கை நுனி மத்ததைவிடக் கொஞ்சம் மழுங்கல். வால் வெட்டும் அவ்வளவு ஆழம் இல்ல. வயித்துல பொடிப் பொடியா செதில் மாதிரி இருக்கு. மேலேருந்து வெயில்ல, கீழ இருட்டா ஏதாவது இருக்கும்போது பாத்தாத்தான் தெரியும்.”

எழுதிக்கொண்டே வந்த பேனா பாதியில் நின்றுவிட்டது. சலூன்காரர் தோள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் வரிக்குக் கீழே, தான் படித்தும் மனசில் வாங்காமல் விட்டதையெல்லாம் ஒவ்வொரு வரியாக அவளுக்குத் தமிழில் சொன்னார். தொண்டை. இறக்கையின் உள்பக்கம். மழுங்கிய நுனி. வால். செதில். இருண்ட பின்னணியில், மேலிருந்து. பட்டன் என்ற வார்த்தை ஒன்றுதான் புத்தகத்தில் இல்லை.

“அட, புத்தகத்துலயே இருக்கா?” என்றாள். அவள் காது மடல் சிவந்துபோயிற்று.

“உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அவ்வளவுதான்” என்றார். சொல்வதற்கு நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. “என் கண்ணு சரியில்லன்னா பறவை இல்லன்னு ஆயிடுமா? இந்தா பேனா. கடைசிக் கட்டத்தை நீயே எழுது.”

அவள் பேனாவை வாங்கி, யோசித்து, ஐந்தாவது கட்டத்தில் குண்டு குண்டாக ‘நான்’ என்று எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். கீழே எங்கோ விசில் சத்தம் கேட்டது.

இறங்க ஆரம்பித்தார்கள். சலூன்காரருக்கு மனசு லேசாகிவிட்டது, வாய் சும்மா இருக்கவில்லை. பெருந்தன்மை கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதையும் செலவழித்துவிடலாம் என்று, “இதே மாதிரி கொல்லையில நீ பாத்து, நான் வராம விட்டது வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“எத்தனை இருக்கும்? ஒண்ணு ரெண்டு?”

“பதினாலு.”

அவர் படியில் நின்றுவிட்டார். அவள் கணக்குப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. வெறுமனே சொன்னாள்.

“உனக்கு ஞாபகம் இருக்கா?”

“ஏன் இருக்காது? சுடலைக்குயில், அன்னிக்கு உங்க நாற்காலியில தபால்காரர் இருந்தாரு. ரிப்பன் மாதிரி நீள வெள்ளை வாலோட ஒண்ணு வந்துச்சு, அப்ப தலைமையாசிரியருக்கு ஒரு பக்கம்தான் மழிச்சிருந்தீங்க. சூறைக்குருவி வந்தப்ப ஒரு குழந்தைக்கு முதல் முடி வெட்டிட்டு இருந்தீங்க, அது அழுதுட்டிருந்துச்சு...”

மாதம், வருஷம், நாற்காலியில் இருந்த ஆள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். அவருடைய வாடிக்கையாளர்களை அவரைவிட அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. படி திரும்புகிற இடத்திலெல்லாம் சலூன்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, சுவரில் நோட்டை வைத்து எழுதினார்.

“இதெல்லாம் பழைய தேதி. நம்பர் எல்லாம் மாறிப்போகுமே” என்றாள்.

“மாறட்டும். பிரிச்சுத் தைச்சுக்கலாம்.”

கடைசி வளைவுக்கு வந்தபோது பதிமூன்று ஆகியிருந்தது. வாசல் வெளிச்சம் படியில் விழுந்தது. விசில் இப்போது பக்கத்திலேயே கேட்டது.

“பதினாலாவது?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “ஆறுமணிக்குருவி.”

சலூன்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பறவைக்காக ஏங்கினார் என்றால் அவர் ஏங்கியது அதற்குத்தான். அதைப் பார்க்கவென்றே மூன்று முறை கடையைச் சாத்திவிட்டுக் காட்டுக்குப் போய், மூன்று முறையும் வெறும் கையோடு திரும்பி வந்தவர் அவர். “எங்க?”

“நம்ம தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல. காய்ஞ்ச இலையைப் புரட்டிட்டு இருந்துச்சு. எட்டு வருஷம் ஆச்சு.”

“அன்னிக்கு என் நாற்காலியில யாரு?”

“யாரும் இல்லங்க. நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். ‘இதோ வரேன்’னீங்க.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே அடித்தது. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்புறமாவது சொல்லியிருக்கலாமே.”

“ரெண்டு பேரும் பாக்கலியே” என்றாள்.

வழிகாட்டிப் பெண் வாசலில் தலையை நீட்டினாள். “சார், பஸ்ஸுல எல்லாரும் ஏறியாச்சு, உங்க ரெண்டு பேருக்காகத்தான் நிக்குது!”

“ஒரே நிமிஷம்மா” என்றார் சலூன்காரர், அவள் பக்கம் திரும்பாமலே. மனைவிக்கு இடம் விட்டுப் படியில் நகர்ந்து உட்கார்ந்தார். நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“எப்படி இருந்துச்சு, சொல்லு.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “முதல்ல முதுகு. முதுகு பச்சை” என்று ஆரம்பித்தாள். “ஆனா அது என்ன பச்சைன்னு கேளுங்க.”

“என்ன பச்சை?” என்று கேட்டார்.